விரலைப் பார்ப்பவர்களும் பாட்டைக் கேட்பவர்களும்

என் காணொளிகளுக்குக் கீழே வரும் கருத்துகளில் பாதிக்கு மேல் கேள்விகளாகவே இருந்தன. எந்தக் கம்பி போட்டிருக்கிறீர்கள்? ஆறாவது கம்பியை டி சுருதிக்கு இறக்கியிருக்கிறீர்களா? நடுவில் வரும் அந்தத் தாவலில் இடக்கைச் சுண்டுவிரல் எங்கே போய் விழுகிறது? நான் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களாலேயே மெட்டையும் அடிநாதத்தையும் ஒருங்கே வாசிக்கும் ஃபிங்கர்ஸ்டைல் கிதார்காரன். என்னைப் பின்தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கிதார் வாசிப்பவர்கள், அல்லது வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அந்தக் கேள்விகளில் இசை எப்படி இருந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. அவர்கள் என் விரலைப் பார்த்தார்கள். பாட்டு பின்னணியில் ஓடியது.

இப்படி ஒரே வட்டத்துக்குள் அடைபட்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வாத்தியம் வயலினாக இருக்கலாம், சிந்தசைசராக இருக்கலாம், வெறும் குரலாகவும் இருக்கலாம். வட்டத்தின் பெயர் மாறுமே ஒழிய அமைப்பு ஒன்றுதான். ஒரு சிறு கூட்டம் உங்களை நன்றாக அறியும்; அந்தக் கூட்டத்துக்கு வெளியே நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறு கூட்டத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். புதியவர்களைத் தேடிப் போகும் காலத்தில் உங்களைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள்தான். "நான் கிதார்காரர்களுக்கு மட்டும் உரியவன் அல்லன்" என்று அறிவித்துவிட்டு மறுநாளே எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் பழைய கூட்டத்தையும் இழக்கிறார்கள், புதிய கூட்டத்தையும் பெறுவதில்லை.

இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடியுங்கள்

வெளியே போவதற்கு முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளின் கருத்துகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: செய்முறையைப் பற்றியவை, இசையைப் பற்றியவை, உங்களைப் பற்றியவை. "எப்படிச் செய்தீர்கள்" என்பது முதல் வகை. "இரவில் இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன்" என்பது இரண்டாவது. "உங்கள் முந்தைய பதிவிலிருந்தே பார்த்துவருகிறேன், இப்போது உடல்நலம் எப்படி" என்பது மூன்றாவது. எனக்கு முதல் வகை குவிந்து கிடந்தது. இரண்டாவது வகை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. ஆனால் அந்த ஒன்றிரண்டு கருத்துகள் எந்தப் பதிவுகளின் கீழே வந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாமே மெதுவான, வித்தை குறைந்த, நான் பெரிதாகப் பொருட்படுத்தாத இசைகளின் கீழே வந்திருந்தன.

அடுத்து யூடியூப்பின் பார்வை வரைபடம். ஒரு காணொளியை எவ்வளவு பேர் எந்த விநாடி வரை பார்த்தார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. அதில் திடீரென மேலெழும் முகடு தெரிந்தால், அந்த இடத்தைப் பலர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வாசிப்பவர்கள் கூடும் காணொளியில் இந்த முகடுகள் கடினமான பகுதிகளில் எழும். அவற்றுக்கு இடையே கோடு பள்ளத்தில் கிடக்கும், ஏனென்றால் அவர்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். கேட்பவர்கள் கூடும் காணொளியில் கோடு தொடக்கத்தில் சற்று விழுந்துவிட்டுப் பிறகு நீண்ட தூரம் சமமாக ஓடும். உங்கள் பதிவுகளை வரிசையாகத் திறந்து இந்தக் கோடுகளை மட்டும் பாருங்கள். சமமாக ஓடும் கோடுகள் எந்தெந்த இசைக்கு வந்திருக்கின்றனவோ அவை தனியாக ஒரு பட்டியலில் இருக்கட்டும். நீங்கள் வெளியே எடுத்துச் செல்லப்போகும் சரக்கு அதுதான்.

அதே பகுப்பாய்வுப் பக்கத்தில், உங்கள் பார்வையாளர்கள் வேறு எந்த ஓடைகளை (சேனல்களை) பார்க்கிறார்கள் என்ற தகவலும் இருக்கும். போதுமான பார்வைகள் இருந்தால்தான் அது தெரியும். எனக்குத் தெரிந்த பட்டியலில் கிதார் பாடங்களும் கிதார் மதிப்புரைகளும்தான் வரிசையாக நின்றன. வேறு சாட்சி வேண்டியதில்லை.

'எல்லோரும்' என்று ஒரு கூட்டம் கிடையாது

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். வட்டத்தை விட்டு வெளியே வருவதென்றால் எல்லோருக்கும் பிடித்தமாதிரி வாசிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் எல்லோரும் என்ற முகவரியில் யாரும் குடியிருப்பதில்லை. அங்கே இருப்பவை வட்டங்கள் மட்டுமே. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் வட்டத்தை ஒட்டி இருக்கும் இன்னொரு வட்டத்துக்குள் நுழைவது. அங்கே கால் ஊன்றிய பிறகு அதற்கு அடுத்தது. பரிந்துரை இயந்திரங்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஸ்பாட்டிஃபையில் ஒரு கலைஞரின் பக்கத்தில் 'ரசிகர்கள் இவர்களையும் விரும்புகிறார்கள்' என்று ஒரு வரிசை வருகிறது. இரு கலைஞர்களையும் சேர்ந்து கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்த வரிசைக்கு முக்கியமான அடிப்படை. உங்களையும் பக்கத்து வட்டத்துக் கலைஞரையும் சேர்த்துக் கேட்கும் மனிதர்கள் ஒரு சிலராவது உருவாகாத வரை, இயந்திரம் உங்களை அந்தப் பக்கம் அழைத்துப் போகாது. அந்த ஒரு சிலரை உருவாக்குவது நம் வேலை.

எது பக்கத்து வட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் நம்பும் சோதனை மிக எளிது. உங்கள் சமமாக ஓடிய பட்டியலிலிருந்து மூன்று இசைகளை எடுத்து, காட்சியை நீக்கிவிட்டு ஒலியை மட்டும் கோப்பாக மாற்றுங்கள். வாத்தியம் எதையும் தொடாத, உங்களைப் பாராட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத மனிதர்களிடம் கொடுங்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இதை எந்த நேரத்தில் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் ஒரு வட்டம் அகப்பட்டது. படிக்கும்போது, குழந்தையைத் தூங்கவைக்கும்போது, ஓவியம் வரையும்போது, நீண்ட பயணத்தில். தயங்கித் தயங்கி "கேட்க நன்றாக இருக்கிறது" என்று மட்டும் வந்தால், அந்த இசைக்கு இன்னும் கேட்பவரின் வாழ்க்கையில் இடம் அமையவில்லை.

பக்கத்து வட்டங்கள் மூன்று விதத்தில் ஒட்டியிருக்கின்றன. முதலாவது ஒலியால். தனி கிதாரைக் கேட்பவர்களுக்கு அருகே தனி பியானோவைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயலின் குடும்பத்தின் கனத்த குரலான செல்லோவைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது பயனால். படிப்புக்கும் உறக்கத்துக்கும் இசை தேடும் பெருங்கூட்டம் வாத்தியத்தின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. மூன்றாவது துணையால். கவிதை வாசிப்பவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், சிறு விளையாட்டுச் செயலிகளை உருவாக்குபவர்கள் ஆகியோருக்கு எப்போதும் இசை தேவைப்படுகிறது. அவர்களுடைய ரசிகர்கள் அதன் வழியாக உங்களிடம் வருவார்கள். பயனால் ஒட்டிய வட்டம்தான் மிகப் பெரியது. ஆனால் அங்கே உங்கள் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம். உறங்கப் போகிறவர் யார் வாசித்தது என்று பார்ப்பதற்குள் உறங்கிவிடுகிறார். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் பயன் வழியைப் பிடியுங்கள். திரும்பத் திரும்பத் தேடிவரும் ரசிகர் வேண்டுமென்றால் ஒலி வழியும் துணை வழியும் மெதுவானாலும் உறுதியானவை. நான் ஒலி வழியைத்தான் பிடித்தேன், செல்லோ.

மூன்றையும் ஒரே நேரத்தில் முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது அதிலேயே நில்லுங்கள்.

ஒன்றை மாற்று, மற்றதை விடு

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, புதிய வட்டத்துக்குப் போகிறவரின் முதல் சில பதிவுகள் அப்படித்தான் இருக்கும். அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க ஒரு வழி: உங்கள் ஒலியில் எதை எக்காரணம் கொண்டும் மாற்ற மாட்டீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னுடையது நைலான் கம்பியின் வெதுவெதுப்பும், மைக்கை அருகே வைப்பதால் பதிவாகும் விரல் உரசலும். அதைக் கேட்டால் பழைய ரசிகர் கண்ணை மூடிக்கொண்டே நான்தான் என்று சொல்லிவிடுவார். அது மாறாமல் இருக்கும்வரை வேறு ஏதாவது ஒன்றை மாற்றலாம்: நீளத்தை, வேகத்தை, துணை வாத்தியத்தை, காட்சியை. ஒரு பதிவில் ஒன்று. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்பது உங்களுக்கே தெரியாது.

நான் முதலில் ஒதுக்கி வைத்தது வித்தையை. கிதார் உடலில் தட்டித் தாளம் எழுப்புவது, வலக்கை விரலால் ஃபிரெட் பலகையில் (இடக்கை கம்பிகளை அழுத்தும் கழுத்துப் பகுதியில்) அடிப்பது போன்றவை கிதார்காரர்களைக் கைதட்ட வைக்கும். மற்றவர்களுக்கு அவை மெட்டுக்குக் குறுக்கே வரும் சத்தம். பழைய ரசிகர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவர்களுக்கான தீனியைப் பின்னால் சொல்கிறேன்.

முப்பது விநாடி

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடலை முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு இசையையே வெட்டிச் சிதைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அதில் ஓர் உண்மை இருப்பதை மறுக்க முடியாது. உங்களை அறிந்தவர் நீண்ட முன்னுரைக்குப் பொறுத்திருப்பார்; அறியாதவருக்குப் பொறுக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே பக்கத்து வட்டத்துக்காக எழுதும் இசையில் முதன்மை மெட்டு முதல் பத்துப் பதினைந்து விநாடிக்குள் தலைகாட்டட்டும். முழுதாக வர வேண்டியதில்லை, முதல் சொற்றொடர் வந்தால் போதும். முன்னுரைதான் அந்த இசையின் உயிர் என்றால் அதை நடுவில் வைத்துப் பாருங்கள். பலமுறை அங்கேதான் அது இன்னும் நன்றாக இருக்கிறது.

குறுங்காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாக. யூடியூப் ஷார்ட்ஸ் முதலில் ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். நீளம் கிடைத்துவிட்டது என்று முழு இசையையும் அதில் கொட்டாதீர்கள். மெட்டு முழுமையாக ஒருமுறை வந்து போகும் பகுதியை எடுங்கள். அநேகமாக அது நாற்பது விநாடிக்கு மேல் இருக்காது. கீழே முழுக் காணொளிக்கு இணைப்புக் கொடுக்கும் வசதி இருக்கிறது; அதை விடாதீர்கள். இன்னொன்று, ஷார்ட்ஸ் பார்வை எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 2025 மார்ச் 31 முதல், காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். பகுப்பாய்வுப் பக்கத்தில் ஈடுபாட்டுடன் பார்த்தவர்களின் எண்ணிக்கை தனியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

கூட்டு

மற்ற எல்லா வழிகளையும் விட எனக்குப் பயன்பட்டது கூட்டு வாசிப்புதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாரைத் தேடுவது? உங்களைவிடப் பத்து மடங்கு பெரிய பெயரை அல்ல. அவருக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சல், அதே போன்ற நூறு மின்னஞ்சல்களோடு கிடக்கும். பதில் வந்தாலும் அந்தக் கூட்டில் நீங்கள் துணைக்கு வாசித்தவராகவே தெரிவீர்கள். உங்கள் அளவுக்கே ரசிகர்கள் இருப்பவரை, ஆனால் அந்த ரசிகர்கள் முற்றிலும் வேறானவர்களாக இருப்பவரைத் தேடுங்கள். இன்னொரு கிதார்காரருடன் சேர்ந்து வாசிப்பது இனிமையான பொழுதுபோக்கு. ரசிகர் வட்டத்தில் ஒருவரையும் கூட்டாது, இருவரும் ஒரே ஆட்களைத்தான் வைத்திருக்கிறீர்கள்.

எப்படி அணுகுவது? "நாம் சேர்ந்து ஏதாவது செய்யலாமா" என்று எழுதாதீர்கள். 'ஏதாவது' என்ற சொல் எதிர்த் தரப்பின் தலையில் வேலையைக் கட்டுகிறது. அவருடைய ஒரு குறிப்பிட்ட இசையைச் சொல்லி, அதில் உங்களைப் பிடித்து நிறுத்திய இடத்தைச் சொல்லி, நீங்கள் ஏற்கெனவே வாசித்துப் பதிவு செய்த ஒரு நிமிட ஒலிக்கோப்பை இணைத்து, அவருக்காக ஒரு பகுதியைக் காலியாக விட்டு அனுப்புங்கள். நான் செல்லோக் கலைஞருக்கு அப்படித்தான் அனுப்பினேன்: கிதார் மட்டும், நடுவில் பதினாறு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு மெட்டே இல்லாமல் வெறும் கார்டுகள் (சுரக்கூட்டுகள்). கூடவே வேகத்தையும் சுருதியையும் குறித்திருந்தேன். பதில் கடிதத்துக்குப் பதிலாக அந்தப் பதினாறு பாரும் நிரம்பித் திரும்பி வந்தது.

வெளியிடும்போது இருவரும் ஒரே காணொளியைப் பதிவேற்றக் கூடாது. ஒரே பண்டம் இரண்டு இடத்திலும் இருந்தால் ஒருவரின் ரசிகர் மற்றவரிடம் போக வேண்டியதே இல்லை. ஒருவர் பக்கத்தில் முழு வாசிப்பு. மற்றவர் பக்கத்தில் அதே இசையின் வேறு வடிவம், அல்லது முற்றிலும் வேறொரு இசை. முதலாவதைப் பார்த்தவருக்கு இரண்டாவதைத் தேடிப் போக ஒரு காரணம் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2021 முதல் கூட்டுப் பதிவு வசதி இருக்கிறது. ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் தோன்றும், விருப்பங்களும் கருத்துகளும் பொதுவாக இருக்கும். அங்கே மட்டும் ஒரே பதிவு போதும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும்போது இருவர் பெயரையும் முதன்மைக் கலைஞர்களாகப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் அது இருவர் பக்கத்திலும் புதிய வெளியீடாக நிற்கும்.

இனி, யாருக்கும் பிடிக்காத பகுதி: எழுத்தில் உடன்பாடு. நண்பர்களாக இருப்பதால் இது வேண்டாம் என்று நினைப்பீர்கள். நண்பர்களாகவே தொடர வேண்டும் என்பதற்காகத்தான் இது. ஒரு பக்கம் போதும். இசையை இயற்றியதில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், இசையைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் எந்த விநியோக நிறுவனம் வழியாகப் போகிறது, வருமானம் எப்படிப் பிரியும், பிறர் காணொளிகளில் பயன்படுத்த யார் அனுமதி தரலாம். முக்கியமாக, பதிவு செய்த ஒலியை எங்கே கண்டாலும் அடையாளம் காணும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி பதிவு. விநியோக நிறுவனத்தின் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். ஒருவர் அதை டிக் செய்து அனுப்பிவிட்டால், அந்த ஒலி எங்கே தோன்றினாலும் உரிமை கோரல் தானாக எழும். கூட்டாளியின் ஓடையில் தோன்றினாலும் எழும். எங்கள் இசையைத் தளங்களுக்கு அனுப்பிய விநியோகஸ்தர் எங்களைக் கேட்காமலேயே அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார். வெளியான அன்றே செல்லோக் கலைஞரின் காணொளி வருமானம் முடங்கியது. விடுவிக்க மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாகப் போனது. இப்போது வெளியிடும் முன்பே கூட்டாளியின் ஓடையை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுகிறேன்.

ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்து எண் கொண்ட குறியீட்டையும் இருவரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஒலிப்பதிவின் அடையாள எண். பின்னால் விநியோக நிறுவனத்தை மாற்றினால், அதே குறியீட்டுடன் அதே ஒலிக்கோப்பை மறுபடி ஏற்றினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை புதிய பதிவோடு இணைய வழி உண்டு.

பிறர் மெட்டு

பிரபலமான பாடலை உங்கள் வாத்தியத்தில் வாசிப்பது நுழைவாயில்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பாடல்? கிதார்காரர்கள் கொண்டாடும் பாடலை வாசித்தால் கிதார்காரர்கள்தான் வருவார்கள். நீங்கள் நுழைய விரும்பும் வட்டம் கொண்டாடும் மெட்டை எடுங்கள். செல்லோக் கூட்டத்துக்குத் தெரிந்த மெட்டு கிதாரில் ஒலித்தால் அவர்களுக்கு அது செய்தி.

உரிமைச் சிக்கலை மறவாதீர்கள். ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு: இயற்றியதற்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. நீங்களே வாசித்துப் பதிவு செய்தாலும் இயற்றியவரின் உரிமை அப்படியே இருக்கிறது. ஒலியாக வெளியிடுவதற்கு ஓர் உரிமம், காட்சியுடன் சேர்ப்பதற்கு வேறோர் உரிமம். யூடியூப்பில் பெரும்பாலும் உரிமையாளர் காணொளியை இருக்கவிட்டு வருமானத்தை எடுத்துக்கொள்கிறார், சிலர் நீக்கிவிடுகிறார்கள். அது அவர்கள் விருப்பம். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் பழைய மேதைகளிடம் போகலாம். பாக் இறந்தது 1750-இல், டாரெகா 1909-இல், எரிக் சாட்டி 1925-இல். இயற்றியவர் இறந்து எழுபது ஆண்டு வரை உரிமை என்ற கணக்கைப் பின்பற்றும் நாடுகளில் இவர்களின் படைப்புகள் பொதுச்சொத்தாகிவிட்டன. இன்னொருவர் வாசித்த பதிவை மட்டும் தொடாதீர்கள், அது அவருடையது. உங்கள் சொந்த வாசிப்புக்கே தானியங்கி உரிமை கோரல் வருவதுண்டு, ஏனென்றால் ஒரே சுரவரிசையை வாசித்த நூறு பதிவுகளை இயந்திரம் குழப்பிக்கொள்கிறது. பதற வேண்டாம், "பொதுச்சொத்து, என் சொந்த வாசிப்பு" என்று மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

பெயரும் முகப்பும்

"டிராப் டி ட்யூனிங் ஃபிங்கர்ஸ்டைல் பயிற்சி" என்ற தலைப்பைப் பார்த்ததும் வாசிக்காதவர் ஓடிவிடுவார். அவர் தேடலில் அந்தச் சொற்களே இல்லை. வாத்தியத்தின் தொழில்நுட்பச் சொற்களை எல்லாம் விளக்கப் பகுதிக்கு இறக்குங்கள். தலைப்பில் இசையின் பெயரும், அது எந்த நேரத்துக்கு உகந்தது என்ற குறிப்பும் இருந்தால் போதும். முகப்புப் படத்திலும் இதே விதி. ஃபிரெட் பலகையில் நெளிந்த விரல்களின் நெருக்கமான படம் வாசிப்பவரை அழைக்கும். முகம், வெளிச்சம், இடம் தெரியும் படம் கேட்பவரை அழைக்கும். யூடியூப் ஒரே காணொளிக்கு மூன்று முகப்புப் படங்கள் வரை போட்டு ஒப்பிட விடுகிறது. ஊகிப்பதை விட அதைச் செய்து பார்ப்பது மேல்.

புதிய வட்டத்துக்குத் தனி ஓடை தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாக வேண்டாம் என்பேன். ஒரே ஆள் இரண்டு கடைகளில் உட்கார முடியாது. ஒரே ஓடையில் இரண்டு பிளேலிஸ்ட்டுகள் வைத்து, முகப்பில் கேட்பவர்களுக்கானதை முதலில் நிறுத்துங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: இரண்டு இசைகளும் ஒன்றையொன்று விரட்டும் என்றால். இரைச்சலான மெட்டல் இசையும் தாலாட்டும் ஒரே கலைஞர் பெயரில் இருந்தால், தாலாட்டு கேட்டவருக்கு மறுநாள் பரிந்துரையில் மெட்டல் வந்து விழும். அப்போது வேறு பெயர் வைப்பதே நாகரிகம்.

வெளியீட்டுக்கு முன்

ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்திலிருந்து, வெளிவராத ஒரு பாடலை அவர்களின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு நேரடியாக அனுப்பலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதிய வெளியீடுகளைக் காட்டும் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அது சேரும். ஏழு நாளை நம்பாமல் நான் மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்புகிறேன். அந்தச் சிறு விளக்கப் பெட்டியில் "இதயத்தைத் தொடும் இசை" என்று எழுதுவதை விட ஒன்றும் எழுதாமல் விடலாம். வாத்தியங்கள், மனநிலை, எந்த நேரத்தில் கேட்பது, கூட வாசித்தவர் யார், வெளியீட்டுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது உங்கள் இசையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான். அங்கே வகையைக் கேட்கும் இடத்தில் பழைய வட்டத்தின் பெயரை மட்டும் குறித்துவிட்டு வராதீர்கள்.

ஒலி அளவு பற்றியும் ஒரு வார்த்தை. மென்மையான இசையை மற்றவர்களின் சத்தத்துக்கு ஈடாக அழுத்தி உயர்த்தச் சொல்வார்கள். தேவையில்லை. ஸ்பாட்டிஃபை இயல்பான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. சத்தமாக அழுத்திய பாடல் அங்கே கீழே இறக்கப்படும், உயிரோட்டம் போனதுதான் மிச்சம்.

காசு கொடுத்துக் கேட்புகளை வாங்குவது பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. "பத்தாயிரம் கேட்புகளுக்கு உத்தரவாதம்" என்று யார் சொன்னாலும் அது இயந்திரக் கேட்புதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபை போலிக் கேட்புகள் மிகுந்த பாடல்களுக்கு விநியோக நிறுவனங்களிடம் அபராதம் வசூலிக்கிறது. நிறுவனம் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாடலையே நீக்கவும் செய்யலாம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: நீங்கள் பாடுபட்டு உருவாக்கும் 'இவரையும் அவரையும் சேர்த்துக் கேட்பவர்கள்' என்ற தடயம் முழுவதும் குப்பையாகிவிடும்.

பழையவர்களுக்கு

கிதார்காரர்களுக்கு அவர்களுடைய பங்கைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு புதிய இசைக்கும் நான் இரண்டு காணொளிகள் செய்கிறேன்: கேட்பவர்களுக்கு ஒன்று, சில நாள் கழித்து விரல்கள் தெளிவாகத் தெரியும் கோணத்தில் வாசிப்பவர்களுக்கு ஒன்று. இரண்டாவதன் கீழே இசைக்குறிப்பும், எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் டேப் குறிப்பும் விலைக்கு இருக்கும். உண்மையைச் சொன்னால், பணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்புகளைத் தாண்டினால்தான் ஒலிப்பதிவுக்கான உரிமத்தொகையே தொடங்கும் என்ற விதி 2024-இல் வந்துவிட்டது. பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் நேரடியாக விற்றால், டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. வாசிப்பவர்கள் குறிப்புக்காகத் தயங்காமல் பணம் கொடுப்பவர்கள். கேட்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், பையைத் திறப்பதில் மெதுவானவர்கள்.

எதை எண்ணுவது

சந்தாதாரர் எண்ணிக்கையைத் தினமும் பார்க்கும் வழக்கத்தை விடுங்கள். நான்கு விஷயங்களை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். யூடியூப்பில் புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள். ஸ்பாட்டிஃபையில் கேட்டவர்களில் எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள். கேட்புகளில் எவ்வளவு மற்றவர்களின் சொந்தப் பிளேலிஸ்ட்டுகளிலிருந்து வருகின்றன. யாரோ ஒருவர் தன் பட்டியலில் உங்களைப் பொருத்தியிருக்கிறார் என்றால் நீங்கள் அவர் வாழ்க்கைக்குள் போய்விட்டீர்கள். நான்காவது, எந்த வரைபடமும் காட்டாதது: கருத்துகளை மறுபடி மூன்றாகப் பிரித்து, இரண்டாவது குவியல் வளர்கிறதா என்று பாருங்கள்.

முதல் மாதங்களில் எண்கள் சரியும். பழைய கூட்டத்தில் சிலர் புதிய பதிவைச் சொடுக்காமல் கடந்து போவதால் இயந்திரமும் சற்றுத் தயங்கும். அதைக் கண்டு பழைய வழிக்குத் திரும்பாதீர்கள். திரும்பி வருபவர்களின் கோடு ஏறுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்தும் அது அசையவில்லை என்றால் தேர்ந்தெடுத்த வட்டம் பொருந்தவில்லை. ஒலிக்கோப்பை மறுபடி அந்த மனிதர்களிடம் கொடுத்து, எந்த நேரத்தில் போடுவீர்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அசைந்திருந்தால் அவசரப்பட்டு மூன்றாவது வட்டத்துக்குத் தாவ வேண்டாம். இரண்டாவது வட்டத்தில் இன்னும் இரண்டு கூட்டுகளாவது முடியட்டும். யூடியூப்பின் 'உங்கள் பார்வையாளர்கள் பார்க்கும் ஓடைகள்' பட்டியலில் கிதார் பாடங்களுக்கு நடுவே ஒரு செல்லோ ஓடை தலைநீட்டிய பிறகுதான் நான் பியானோக்காரர்களுக்கு எழுதத் தொடங்கினேன்.